சீயக்காயும் செல்லைக் கொல்லும்

திசு வளர்ப்பு அறைக்கும் செல் வளர்ப்பு அறைக்கும் நடுவே ஒரே ஒரு கண்ணாடிக் கதவு இருந்த ஆய்வகத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் காலம் தள்ளியவன் நான். கதவுக்கு இந்தப் பக்கம், செடியின் துண்டைச் சாகவிடாமல் காப்பது வேலை. அந்தப் பக்கம், அதே செடியின் சாறு புற்றுச் செல்லைச் சாகடிக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஆண்டுதோறும் ஜூலையில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு டீக்கடையில் நின்றபடி சொன்னதையெல்லாம் எழுதித் தரும்படி கேட்டார்கள். நினைவுக்கு வந்த வரிசையில் எண் போட்டிருக்கிறேன். எண்ணுக்கு வேறு பொருள் இல்லை.

1. முதல் இரண்டு வாரம் செடியைத் தொடாதீர்கள். வெறும் மீடியம் காய்ச்சுங்கள். முராஷிகே, ஸ்கூக் இருவரும் 1962இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த எம்.எஸ். மீடியத்தைத்தான் இன்றும் பாதி உலகம் பயன்படுத்துகிறது. லிட்டருக்கு அம்மோனியம் நைட்ரேட் 1650 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 1900 என்று போகும் அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். கால்சியம் குளோரைடை ஏன் தனிப் புட்டியில் ஸ்டாக்காக வைக்கிறோம் என்பது தெரிந்தால் போதும். பாஸ்பேட், சல்பேட் ஸ்டாக்கோடு அதைச் சேர்த்துவிட்டால் அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். அப்புறம் செடிக்கு நீங்கள் ஊற்றுவது வெறும் தண்ணீர். பி.எச். 5.8. அதற்கு ரொம்பக் கீழே போனால் அகார் உறையாமல் கஞ்சியாக நிற்கும். ஆட்டோகிளேவ் 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம். ஒரு லிட்டர் குடுவையை முழுக்க நிரப்பி உள்ளே வைத்தால் நடுப்பகுதி அந்த நேரத்துக்குள் சூடேறாது, அதையும் பாருங்கள். காய்ச்சிய மீடியப் புட்டிகளை லேமினார் காற்றுப் பெட்டிக்குள் திறந்து, எதையும் வைக்காமல் மூடி, பத்து நாள் வளர்ப்பு அறையில் வையுங்கள். இருபதில் ஒன்று கலங்கினாலும் உங்கள் கை இன்னும் பழகவில்லை.

2. கன்டாமினேஷன் வந்த புட்டியைத் திட்டிக்கொண்டே கொட்டாதீர்கள். உட்கார்ந்து பாருங்கள். செடித் துண்டின் அடியிலிருந்து பால்போல் கிளம்பினால் கிருமி செடியோடு வந்தது. துண்டுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் மீடியத்தின் மேல் பூஞ்சை வட்டமாக நின்றால் அது காற்றிலிருந்தோ உங்கள் சட்டைக் கையிலிருந்தோ விழுந்தது. அகாருக்கு உள்ளேயே புள்ளி புள்ளியாக இருந்தால் ஆட்டோகிளேவைச் சந்தேகப்படுங்கள். மூன்று வாரம் சுத்தமாக இருந்துவிட்டு நான்காவது சப்கல்ச்சரில் வெளியே வரும் பாக்டீரியாவும் உண்டு. அது செடியின் உள்ளேயே குடியிருந்தது, எந்த மருந்திலும் முக்கி எடுக்க முடியாது. ஐப்பசி மழையில் எல்லாப் புட்டியிலும் ஒரே சமயத்தில் பூஞ்சை வந்தால் மூடியின் ஓரத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சிலந்திப்பேன் ஏறி இறங்கிய தடம் தெரியும். பூஞ்சை விதையை அதுதான் புட்டி விட்டுப் புட்டி சுமக்கும்.

3. ஆல்கஹால் 70 சதவீதம். நூறு சதவீதம் இன்னும் நன்றாகக் கொல்லும் என்று நினைப்பவர்கள் எல்லா ஆண்டும் வருகிறார்கள். தண்ணீர் கலந்தால்தான் அது கிருமிக்குள் இறங்கிப் புரதத்தை உறைய வைக்கும். கையில் ஆல்கஹால் காயுமுன் பர்னர் பக்கம் போகாதீர்கள். என் இடது புறங்கையில் ரோமம் முளைக்காத ஒரு திட்டு இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுகிறேன்.

மெர்குரிக் குளோரைடு 0.1 சதவீதம், இலைக்கு ஓரிரு நிமிடம், கடினமான தண்டுக்கு ஐந்து வரை, பின் ஐந்து முறை கழுவல் என்று எல்லோரும் எழுதுகிறோம். அந்தக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் எழுதுவதில்லை. அது பாதரசம். தொட்டியில் ஊற்றாதீர்கள். முடிந்தவரை ஹைப்போகுளோரைட்டில் வேலையை முடிக்கப் பாருங்கள்.

4. வெட்டிய துண்டு கறுத்தால் அழ வேண்டாம். அரிந்த கத்தரிக்காய் கறுப்பதும் இப்படித்தான். தடுக்க வழி: அஸ்கார்பிக் அமிலம், அல்லது கரித்தூள், அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை புது மீடியத்துக்கு மாற்றுவது. கரித்தூள் நீங்கள் போட்ட ஹார்மோனையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

5. செடியின் பெயரைக் கடைக்காரரிடமும் பாட்டியிடமும் கேளுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். நாட்டுமருந்துக் கடையில் தாளிசபத்திரி கேட்டால் ஏபிஸ் கிடைக்கலாம், டாக்ஸஸ் கிடைக்கலாம், ரோடோடென்ட்ரான் கிடைக்கலாம். மூன்றும் மூன்று குடும்பம். டாக்ஸஸ் என்றால் டாக்ஸால் என்ற புற்றுநோய் மருந்தைத் தந்த சாதி. மற்ற இரண்டிலும் அது கிடையாது. கீழாநெல்லியை நம் பழைய கட்டுரைகள் பில்லாந்தஸ் நிரூரி என்றே எழுதிவந்தன. நம் வரப்பில் முளைப்பது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ். பூவும் காயும் உள்ள கிளையை அழுத்திக் காயவைத்து, திருச்சி ராபினட் ஹெர்பேரியத்திலோ கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையத்திலோ கொடுத்து எண் வாங்குங்கள். எங்கே பறித்தது, எந்த மாதம், இளம் இலையா முற்றிய இலையா, எல்லாம் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். காட்டிலிருந்து எடுப்பதானால் வனத்துறை அனுமதி முதலில். பிற்பாடு காப்புரிமை கேட்கும் எண்ணமிருந்தால் தரமணியில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தையும் நினைவில் வையுங்கள்.

6. நித்தியகல்யாணியின் கதையை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். சுடுகாட்டுப் பூ என்று நம் ஊரில் ஒதுக்கிய செடி; மடகாஸ்கரிலிருந்து வந்து எங்கும் முளைத்துவிட்டது. 1952இல் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு ஓர் உறையில் 25 இலைகள் போயின. சர்க்கரை நோய்க்கு அங்கே அதைக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் எலிக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. சாற்றை ஊசியில் ஏற்றிய எலிகள் சில நாளில் கிருமித் தொற்றில் செத்தன. இன்னொருவராக இருந்தால் செத்த எலியைக் குப்பையில் போட்டுவிட்டு வேறு செடி தேடியிருப்பார். அவர்கள் ரத்தத்தைப் பார்த்தார்கள், வெள்ளையணு விழுந்திருந்தது. அப்படியானால் வெள்ளையணு பெருகும் நோய்க்கு இது உதவுமா என்ற கேள்வி அங்கே பிறந்தது. சார்ல்ஸ் பியர் 1958இல் பிரித்தெடுத்த பொருள்தான் வின்பிளாஸ்டின். அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் விடமுடியாத மருந்து.

இனி நம் பக்கம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். அதனால் புதிதாக வரும் எல்லோருக்கும் ஒரே யோசனைதான்: இலையிலிருந்து கேலஸ் என்னும் உருவமற்ற செல் திரளை எடுத்து, பெரிய குடுவையில் பெருக்கி, மருந்தைக் கறந்துவிடலாம். நானும் அப்படித்தான் வந்தேன். இரண்டு ஆண்டு கேலஸ் வளர்த்தேன். அழகான, நொறுங்கும், வெளிர்மஞ்சள் கேலஸ். வின்பிளாஸ்டின் இல்லை.

ஏன் என்று கேளுங்கள். வின்பிளாஸ்டின் என்பது கேதரன்தின், விண்டோலின் என்ற இரண்டு பொருள்கள் இணைந்த ஜோடி. கேதரன்தினைக் கேலஸ் செல்லிலும் பார்க்கலாம். விண்டோலின் அப்படியல்ல. இலையின் தோல் செல்லில் தொடங்கும் அந்த வேலை, உள்ளே பால்குழாய்ச் செல்லிலும் இடியோபிளாஸ்ட் என்னும் தனிச் செல்லிலும் போய்த்தான் முடிகிறது. வெளிச்சமும் வேண்டும். கேலஸ் என்பது சுவர் எழுப்பாத வீடு. அடுப்படி இல்லை, அரங்கு இல்லை. அங்கே இந்தச் சமையல் நடக்காது. தண்டும் இலையுமாகத் துளிர்க்கவைத்த வளர்ப்பில் விண்டோலின் வரும். ஆக, எந்தப் பொருள் வேண்டுமோ அது செடியில் எந்தச் செல்லில் உருவாகிறது என்று படித்துவிட்டுத்தான் ஆக்சின் எவ்வளவு, சைட்டோகைனின் எவ்வளவு என்று எடை போடவேண்டும். நான் தலைகீழாகச் செய்தேன்.

7. இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை, நீங்கள் செய்யுங்கள்: கேலஸ் சாற்றைப் புற்றுச் செல்லில் சோதிக்கும்போது, செடியே வைக்காத வெறும் மீடியத்தையும் அதே நாள் வளர்ப்பு அறையில் வைத்து, அதே முறையில் காயவைத்து, அதே மெத்தனாலில் சாறெடுத்துச் சோதியுங்கள். கேலஸின் அடியில் அகார் ஒட்டியிருக்கும். அதில் 2,4-டி, பி.ஏ.பி. என்ற ஹார்மோன்கள் இருக்கும், சர்க்கரை இருக்கும். பி.ஏ.பி.யைச் செடியின் செல் வேறு உருவங்களாக மாற்றி வைத்துக்கொள்ளும். அதில் ஒன்றான பென்சைல் அடினோசின் விலங்குச் செல்லைக் கொல்லும் பொருள். கைனெட்டின் ரைபோசைடும் அப்படியே. வெறும் மீடியத்தால் அதைப் பிடிக்க முடியாது. அதனால் ஹார்மோனை மாற்றி வளர்த்த கேலஸ் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். “தாய்ச் செடியின் இலைச் சாற்றைவிடக் கேலஸ் சாறு அதிகம் வேலை செய்கிறது” என்று ஓர் ஆய்வேடு என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. செடி செய்ததா, ஸ்டாக் புட்டி செய்ததா என்று வைவாவில் கேட்டேன். பிள்ளை முழித்தது. கைடு என்னை முறைத்தார்.

8. கொன்றது யார்? ஒவ்வொரு பிளேட்டுக்கும் முன் இதைக் கேளுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவி ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். அவளுடைய சாறு எல்லா அளவிலும் செல்லைக் கொன்றிருந்தது. மிகக் குறைந்த அளவிலும் கொன்றது என்று அவள் சொன்னபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அளவு குறையக் குறைய விளைவும் குறையவேண்டாமா? சாற்றைக் கரைக்கும் டி.எம்.எஸ்.ஓ. மட்டும் போட்ட குழி எங்கே என்றேன். இல்லை. நீர்க்கச் செய்வதற்கும் அவள் டி.எம்.எஸ்.ஓ.வையே ஊற்றியிருந்தாள். கணக்குப் போட்டால் எல்லாக் குழியிலும் 5 சதவீதம். அரை சதவீதத்தைத் தாண்டினாலே பல செல்கள் தாங்காது. ஸ்வீட்டைச் சாப்பிட்டோம். திங்கட்கிழமை மறுபடி போட்டாள்.

9. அடுத்தது, செல் உண்மையிலேயே சாற்றினால்தான் செத்தது என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் துள்ளிக் குதிக்காதீர்கள். சீயக்காயைக் கரைத்து ஊற்றுங்கள், செல் சாகும். அதில் உள்ள சப்போனின் செல்லின் சவ்விலிருக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்துச் சவ்வையே ஓட்டையாக்கிவிடும். புற்றுச் செல், நல்ல செல், சிவப்பணு என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. பூந்திக்கொட்டையும் அப்படித்தான். கடுக்காய்த் தோலில் நிறைந்த டேனின் கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டும். புதிய சாறு கைக்கு வந்ததும் முதலில் சிவப்பணுவில் போட்டு உடைகிறதா பாருங்கள். அரைமணி நேர வேலை. ஆறு மாதத்தை மிச்சப்படுத்தும்.

அளவு முக்கியம். கச்சாச் சாறு என்றால் மில்லிலிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே பாதிச் செல்லைக் கொல்லவேண்டும் என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் பெயரில் வழங்கும் பழைய கோடு. 400, 500 மைக்ரோகிராமில் கொன்றதையெல்லாம் “குறிப்பிடத்தக்க புற்றெதிர்ப்பு” என்று எழுதுகிறார்கள். அந்த அளவில் காப்பித்தூளும் வரிசையில் நிற்கும்.

பக்கத்திலேயே நல்ல செல் ஒன்றும் வேண்டும். நம் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்ச்சிசின், செல் பிரியும்போது கட்டும் நுண்குழாய்களைக் கலைத்துவிடும். வின்கிரிஸ்டினும் ஏறக்குறைய அதையேதான் செய்கிறது. ஆனால் வின்கிரிஸ்டின் புற்றுநோய் மருந்தாயிற்று, கோல்ச்சிசின் அப்படி ஆகவில்லை, கீல்வாத மருந்தாயிற்று. கொல்லும் அளவுக்கும் குணமாக்கும் அளவுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதில்தான் விஷயம். அந்த இடத்தை அளக்க ஒரு பிளேட்டில் வழியில்லை.

10. எம்.டி.டி. சோதனை சாவை அளப்பதில்லை. எம்.டி.டி. என்ற மஞ்சள் பொருளை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும். அந்த ஊதாவை 570 நானோமீட்டரில் படிக்கிறோம், அவ்வளவுதான். செடிச் சாற்றிலுள்ள பாலிபீனால் செல்லே இல்லாமலும் அதை ஊதாவாக்கும். அப்போது செத்த செல்லும் உயிரோடிருப்பதாகத் தெரியும். பச்சையம் தன் நிறத்தைத் தனியாகச் சேர்க்கும். சாறு, எம்.டி.டி., செல் கிடையாது: இப்படி ஒரு வரிசை எப்போதும் இருக்கட்டும். சந்தேகம் வந்தால் சல்ஃபோரோடமின் பி முறையில் ஒருமுறை போடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் மைக்ராஸ்கோப்பில் கண்ணால் பாருங்கள். மெஷின் எண் தரும். செல் உருண்டதா, மிதக்கிறதா, சும்மா வளராமல் நிற்கிறதா என்று கண்தான் சொல்லும்.

11. செல் யாருடையது என்று தெரியாமல் சோதிக்காதீர்கள். 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கர்ப்பப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்து வளர்த்ததுதான் ஹீலா. அது வளரும் வேகத்தில் பக்கத்துப் புட்டிகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. தொண்டைப் புற்று என்று நம்பி உலகமே வளர்த்த ஹெப்-2, வாய்ப் புற்று என்ற கே.பி. இரண்டும் உண்மையில் ஹீலா. இதில் ஒரு வேடிக்கை: டாக்ஸால் தந்த பசிபிக் யூ மரப்பட்டையின் சாறு செல்லைக் கொல்கிறது என்று 1964இல் முதலில் காட்டிக்கொடுத்தது அந்தக் கே.பி.தான். மார்பகப் புற்று என்று பல ஆண்டு கட்டுரை எழுதப்பட்ட எம்.டி.ஏ.-எம்.பி.-435 தோல் கறும்புற்று என்று பிறகு தெரிந்தது. நண்பர் ஆய்வகத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்த ஃபிளாஸ்க்கை வாங்காதீர்கள். புனேயிலுள்ள தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து வாங்கி, வந்த நாள், எத்தனையாவது பேசேஜ் என்று குறியுங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற கிருமி இருந்தால் மீடியம் கலங்காது, கண்ணுக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை பி.சி.ஆர். போடுங்கள்.

12. ஜி.சி.-எம்.எஸ். பட்டியலை நம்பாதீர்கள். ஆவியாகிற பொருளை மட்டுமே அது பார்க்கும். வின்பிளாஸ்டின் போன்ற கனத்த மூலக்கூறு அதில் ஏறவே ஏறாது. ஹெக்சாடெகனாயிக் அமிலம், ஃபைட்டால் எல்லா இலையிலும் வரும். வேப்பிலையில் போட்டாலும் வரும், வாழையிலையில் போட்டாலும் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே “புற்றெதிர்ப்பு” என்று யாரோ எழுதியதைப் பார்த்து எழுதுகிறோம். தாலேட் என்று ஒன்று வந்தால் அது உங்கள் பிளாஸ்டிக் குழாயிலிருந்து கரைந்ததாகவே பெரும்பாலும் இருக்கும். அதைச் செடியின் மருந்துப் பொருள் என்று அச்சில் பார்த்திருக்கிறேன், ஒருமுறை அல்ல.

13. வெள்ளி நானோ துகள் செய்தால் வெள்ளி தானாகவே செல்லைக் கொல்லும். செடி இல்லாத வெள்ளியைப் பக்கத்தில் வையுங்கள். இதற்கு மேல் இதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

14. காலக்கணக்கு. ஆர்தர் பார்க்ளே வாஷிங்டன் மாநிலக் காட்டில் அந்த யூ மரப்பட்டையை உரித்தது 1962. மன்ரோ வாலும் நம் நாட்டிலிருந்து போன மன்சுக் வானியும் அதிலிருந்து கிடைத்த டாக்ஸாலின் அமைப்பை வெளியிட்டது 1971. சூசன் ஹார்விட்ஸ், அது நுண்குழாயைக் கலைக்காமல் இறுகப் பிடித்து நிறுத்துகிறது என்று காட்டியது 1979. சினைப்பைப் புற்றுக்கு அமெரிக்காவில் அனுமதி 1992. முப்பது ஆண்டு. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். அதனால் ஊசியிலையிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளை மாற்றி மருந்தாக்கினார்கள். அதற்கும் பிறகு டாக்ஸஸ் செல்லையே பெரிய தொட்டிகளில் வளர்த்து எடுக்கும் வழி வந்தது. பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் அதற்காக 2004இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதைப் பெற்றது. நித்தியகல்யாணி கேலஸ் கைவிட்டது, டாக்ஸஸ் செல் கைகொடுத்தது. செடிக்குச் செடி நியாயம் வேறு.

நம்மவர் கதை ஒன்றும் உண்டு. கேம்ப்டோதெசினை 1966இல் வாலும் வானியும் ஒரு சீன மரத்தில் கண்டார்கள். அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நோத்தபோடைட்ஸ் மரத்தில் அதைவிடத் தாராளமாக இருக்கிறது என்று 1972இல் காட்டியவர் முன்பு சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி. அப்போது அவர் பம்பாயில் இருந்தார். மரத்துக்கு அதனால் நல்லது நடக்கவில்லை, வெட்டித் தீர்த்தார்கள். திசு வளர்ப்புக்காரனுக்கு உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி: மருந்தைக் கறப்பதைவிட, மரத்தைப் பெருக்கிக் கொடுப்பது.

15. நாலாண்டு முன் எங்கள் தெருப் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கணவருக்குப் புற்று. “நீங்க அந்தச் செடியில மருந்து கண்டுபிடிச்சிருக்கீங்களாமே, கொஞ்சம் சாறு குடுங்கண்ணா” என்றார். கல்லூரி விழாவில் நான் பேசியதை யாரோ அப்படிச் செய்தியாக்கியிருந்தார்கள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு கொண்டுவந்திருந்தார். என்ன சொல்வது? வின்கிரிஸ்டினை மருத்துவர்கள் மில்லிகிராம் கணக்கில் ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்கள்; தவறித் தண்டுவட நீரில் ஏற்றினால் ஆள் பிழைப்பது அரிது. நித்தியகல்யாணி இலையைக் கசக்கிக் குடித்தால் எவ்வளவு உள்ளே போகும் என்று யாருக்கும் தெரியாது. கீமோ எடுத்துக்கொண்டிருப்பவரின் வெள்ளையணு ஏற்கெனவே விழுந்து கிடக்கும். இதையெல்லாம் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் அவரோடு ஆஸ்பத்திரிக்குப் போய் கணவருடைய டாக்டரிடம் உட்கார்ந்து பேசினேன்.

நிருபர் வந்தால் “பிளேட்டில் வளர்த்த செல்” என்ற சொற்களை விடாமல் சொல்லுங்கள். தலைப்பை உங்களுக்குப் படித்துக்காட்டாமல் அச்சிடக் கூடாது என்று கேளுங்கள். கேட்கமாட்டார்கள். ஆனாலும் கேளுங்கள்.

16. பெயரைப் புட்டியின் உடம்பில் எழுதுங்கள், மூடியில் எழுதாதீர்கள். ஆல்கஹால் பட்டால் அழியாத மையில் எழுதுங்கள். ஒரு முறை கோடை விடுமுறையில் உதவிக்கு வந்த பையன், நல்ல மனசோடு, 40 புட்டியின் மூடிகளையும் கழற்றித் துடைத்து மாட்டி வைத்தான். எது இலைக் கேலஸ், எது தண்டுக் கேலஸ், எதில் 2,4-டி, எதில் என்.ஏ.ஏ. என்பதெல்லாம் மூடியில்தான் இருந்தது. நாற்பதும் பச்சையாக, ஆரோக்கியமாக இருந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம், மோந்துகூடப் பார்த்தோம். சாயங்காலம் ஆட்டோகிளேவில் அடுக்கி அவித்துக் கொட்டினோம்.